கஸ்பார் எடுக்காத நாலாவது படம்

ஈப்போவில் டைரக்டர் என்றால் கஸ்பார்தான். எந்தப் படத்துக்கு டைரக்டர் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது. கேட்டவனை ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார வைத்து, கோப்பி ஆறுவதற்குள் முழுக்கதையையும் சொல்லி, கடைசியில் அவனுக்கே ஒரு வேஷத்தையும் கொடுத்து அனுப்பிவிடுவான். அப்படி வேஷம் வாங்கிப் போனவர்கள் ஊரில் பாதிப்பேர். அதில் ஒரே ஒருத்தர்தான் அதை நம்பி வாழ்நாள் முழுக்கத் தயாராக இருந்தார். அவர் துளசியின் புருஷன் சீனி. துளசிக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

கஸ்பாரும் சீனியும் சித்தியவான் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்தவர்கள். கஸ்பார் வேதக்காரன். அவன் வீட்டில் மாதா படம், சீனி வீட்டில் மாரியம்மன் படம், நடுவில் ஒரே பலகைச் சுவர். ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டபோது இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தன. சீனிக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கஸ்பார் ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்தான். கல்யாணம் சோறு போட்டது. மனசு மட்டும் சினிமாவிலேயே கிடந்தது.

முதல் படத்துக்கு ‘நிரை’ என்று பேர் வைத்தான். பால்மரம் வெட்டுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மர வரிசைக்கு அதுதான் பேர். தோட்டத்து வேலைநிறுத்தக் கதை. கதாநாயகன் சீனி, கதையிலும் அவன் பேர் சீனியேதான். “வேற பேரு வச்சா எனக்கு எழுத வராது மச்சான்” என்பான் கஸ்பார். வேதக்காரனாக இருந்தாலும் சினிமாவுக்கென்று வரும்போது அவனுக்குத் தனி மதம். கல்லுமலைக் கோயிலில் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, சாமி படத்தை முதல் ஷாட்டாக எடுத்தான். சீனி வேலையை விட்டுவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். அப்போது துளசி கல்யாணமாகி வந்த புதிது. நடிகர் பெண்டாட்டி என்று அக்கம்பக்கத்தில் ஒரு மரியாதை.

படத்துக்குப் பணம் போட்ட தௌக்கே முதலாளி, தன் அக்காள் மகனுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டான். ஒரே ஒரு பாட்டு. “என் கதையில எவனும் கை வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான் கஸ்பார். ஊரே மெச்சியது. கொள்கை உள்ள மனுஷன் என்று துளசியும்தான் அன்றைக்கு அவனுக்கு ஒரு துண்டு மீனைக் கூடுதலாக வைத்தாள்.

இரண்டாவது, குண்டர் கும்பல் கதை. சீனிக்கு இந்த முறை கதாநாயகனின் அண்ணன் வேஷம். “வயசு ஏறுதுல மச்சான், ஆனா இதுதான் வெயிட்டான ரோலு.” தோள் வரைக்கும் முடி வளர்த்தார். அதற்காக, மறுபடி கெஞ்சிச் சேர்ந்த தொழிற்சாலையில் எச்சரிக்கை வாங்கினார். பூசை போட்டாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று. படப்பிடிப்புக்கு முந்தின வாரம், கடைசிக் காட்சி மனசுக்கு ஒட்டவில்லை என்று கஸ்பார் நிறுத்திவிட்டான். “அரைகுறையா எடுக்கறதுக்கு எடுக்காமலே இருக்கலாம்லா.” அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள்.

மூன்றாவது, கோப்பெங் பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்டுப்போன குட்டையில் ஒரு பேய்க்கதை. சீனி அப்பா வேஷத்துக்கு இறங்கிவிட்டார். முன்பல் இரண்டு இல்லாத கிழவன் என்று கஸ்பார் ஒரு பேச்சுக்குச் சொன்னான். இந்த மனுஷன் நேராகப் பல் டாக்டரிடம் போய் ஆடாத பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சை அடக்கியபடி வந்து நின்றார். “நடிப்புன்னா இதான் துளசி” என்று குழறினார். துளசி அழுத அழுகை அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்டது. கேமரா இறக்கிய அன்று மழை பிடித்தது. மறுநாளும் மழை. “இயற்கையே வேணாங்குது மச்சான்” என்று கஸ்பார் மூட்டை கட்டினான். அதற்கு அடுத்த நாள் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. சீனியின் பல்தான் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம். குறை சொல்ல வாயில்லாத காரணம். அதனால் கஸ்பார் மேல் யாருக்கும் கோபமும் வந்ததில்லை.

பிறகு சீனிக்குச் சர்க்கரை முற்றி, சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்துகிற நிலையத்தில் ரத்தம் கழுவ வேண்டும். அங்கே நாற்காலி கிடைப்பதே குதிரைக் கொம்பு. காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர். துளசியின் பிழைப்பு அந்த மூன்று நாளைச் சுற்றியே சுழன்றது. தண்ணீரை அளந்து கொடுப்பாள். பழத்தை ஒளித்து வைப்பாள். கால் வீங்குகிறதா என்று காலையில் எழுந்ததும் அழுத்திப் பார்ப்பாள். சீனிக்கோ நாற்காலியில் படுத்தாலும் சினிமாதான். தாதி எல்ஸியிடம், ஊசி ஏற்றும்போதே, எடுக்காத மூன்று படத்தின் கதையையும் நடித்துக் காட்டுவார். “அண்ணே, உங்க படம் எப்பண்ணே தியேட்டருக்கு வரும்?” என்று அந்தப் பெண்ணும் கேட்டுவைக்கும்.

இப்படி இருக்கையில்தான் கஸ்பார் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முகமெல்லாம் பல்.

“மச்சான், இது கடைசி. இது நிச்சயம். கோலாலம்பூர்ல புதுப் படத்துக்குப் பண உதவி செய்றாங்க. நம்ம கதை கடைசிச் சுத்துக்கு வந்திருச்சு. பத்து நிமிசம் எடுத்துக் காட்டணும், அவ்வளவுதான். பேரு ‘கடைசி லயம்’. எல்லாரும் போயிட்ட தோட்டத்துல ஒரே ஒருத்தன் மட்டும் இருந்து செத்துப்போறான். அவன் எழவுக்கு யாரு யாரு வாராங்கங்கறதுதான் கதை.”

“எனக்கு என்ன ரோலு?” சீனி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“செத்தவன் நீதான்.”

துளசி கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். “நல்லா இருக்கு அண்ணே! ஹீரோ, அண்ணன், அப்பான்னு வந்து, இப்ப பொணமா? இருக்கற மனுசன உசுரோட வச்சிருக்க நான் படாத பாடு படுறேன், நீங்க பாடையில ஏத்தறீங்க.”

“தங்கச்சி, கதையே அவன்தான். செத்தவன்தான் கதை சொல்றான். படம் முழுக்க அவன் குரல்தான்.”

சீனி துளசியைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் மீசையை முறுக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாரே, அதே பார்வை. அந்த மனுஷனுக்கு இனி மிச்சம் எவ்வளவு என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சாவதற்குள் ஒரு படத்தில் முகம் வரவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை என்றான் கஸ்பார். கேமராக்காரர் சுரேனுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் கல்யாணப் படப்பிடிப்பாம். சீனி எல்ஸியிடம் குடும்ப விசேஷம் என்று சொல்லி, வெள்ளிக்குப் பதில் சனிக்கிழமை காலையில் ரத்தம் கழுவிக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். “ஒரு நாள் தள்ளறதுக்கு மேல கூடாதுண்ணே, தண்ணி பாத்துக் குடிங்க” என்று எல்ஸி பத்துத் தடவை சொன்னாள்.

கோப்பெங்கைத் தாண்டி உள்ளே போனால், செம்பனைக்கு நடுவில் பழைய லயம் ஒன்று இன்னும் இடியாமல் நின்றது. நாலைந்து வீட்டில்தான் ஆள். அதில் பெரியவள் மாரியம்மா. சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே பட்டுச்சேலை கட்டிவிட்டாள். எழவு வீட்டுக்குப் பட்டா என்று கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டு மாற்றச் சொன்னான். தப்படிக்கிறவர்களை வரவழைத்திருந்தான். ஒப்பாரிக்கு மாரியம்மாவும் அவள் கூட்டாளிகளும். சத்தம் துல்லியமாகப் பதிய வேண்டும் என்று சொல்லி, வந்தவர்களின் போனையெல்லாம் அணைத்து ஒரு கூடையில் போட்டான். துளசியின் போனும் சீனியின் போனும் அதில்தான் கிடந்தன.

சீனியைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டுக் கிடத்தினார்கள். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த கையை வேட்டியால் மூடினார்கள். துளசி வெளியே வேப்ப மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தப்புச் சத்தம் எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். மாரியம்மாவின் ஒப்பாரி சும்மா இல்லை. எத்தனை சாவுக்கு அழுத தொண்டை! பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து இரண்டு பேர் நிஜ எழவு என்று நினைத்து மோட்டாரை விட்டிறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கடைசிக் காட்சி. ஊரில் ஆளாளுக்குப் போனில் சாவுச் செய்தி வருகிறது, ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்கிறார்கள். கஸ்பார் எதிலும் நிஜம் வேண்டும் என்பவன். மரண அறிவிப்பு ஒன்றை உண்மைபோலவே செய்து வைத்திருந்தான். மேலே விளக்குப் படம், நடுவில் சீனியின் முகம், கீழே பேர், அன்றைய தேதி, நாளை காலை நல்லடக்கம். கூடையிலிருந்து லயத்துக்காரர்கள் போனை மட்டும் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதை அனுப்பி, திரை தெரிகிற மாதிரி எடுத்தான். ஒரே தடவையில் ஓக்கே.

பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும் என்பது சினிமாவில் வழக்கம். அதை மறக்கவில்லை. சீனி மாலையைக் கழற்றிவிட்டு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து கேமராவுக்குள் சிரித்தார். மாரியம்மா சூடம் சுற்றிப் போட்டாள், பூசணிக்காய் உடைத்தாள். “தம்பி, நூறு வயசு இருப்பீங்கய்யா” என்று முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். துளசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணுக்குத் தெரியாத கெட்டதையெல்லாம் சூடத்தில் எரித்துவிட்டார்கள். கண்ணெதிரே போனில் கிடந்ததை அழிக்கச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாரியம்மா பேரில் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் நடித்த பெருமை அவளுக்கு. சொந்தக்காரர் குழுவில் அந்த அறிவிப்பைப் போட்டு, “நான் சினிமால நடிச்சேன், பாருங்க” என்று குரலிலும் பேசிப் போட்டாள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அறிவிப்பு மட்டும் பறந்தது. நம்மாட்களுக்குச் சாவுச் செய்தி என்றால் கை நிற்காது. கூப்பிட்டு விசாரிக்க நேரம் இருக்காது, அனுப்ப மட்டும் நேரம் இருக்கும். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று சாயங்காலத்துக்குள் அது பேராக் முழுக்கச் சுற்றிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் துளசி போனை முடுக்கினாள். ஜொகூரிலிருந்து மகள் ஷாமினி எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தாள். எடுத்ததும் “அம்மா, அப்பா!” என்று ஒரே அலறல். சீனி போனைப் பிடுங்கி, “செத்தவன்தான் பேசறேன்மா” என்று விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டு வாசலில் யாரோ மலர்வளையமே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். “பாத்தியா துளசி, நம்ம நடிப்ப! ஊரே நம்பிருச்சு.” துளசிக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல வார்த்தை சொல்லுங்க என்று அதட்டிவிட்டு அந்த வளையத்தைக் குப்பையில் வீசினாள்.

சனிக்கிழமை காலை நிலையத்துக்குப் போனார்கள். கதவைத் திறந்த எல்ஸி அப்படியே நின்றாள். பிறகு, “அண்ணே... நீங்க...” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

நோயாளிகள் குழுவுக்கே அந்த அறிவிப்பு வந்திருக்கிறது. எல்ஸி இரண்டு போனுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டும் அணைந்து கிடந்தன. தேதி சரி, முகம் சரி, பேர் சரி. வெள்ளிக்கிழமை கழுவாமல் தள்ளியதால்தான் ஆள் போய்விட்டார் என்று நினைத்துவிட்டாள். மேலே சொல்லி, நாற்காலியை அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சீனியின் நாற்காலியில் ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. துளசிக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்றே தெரியவில்லை. அந்தக் கிழவியும் ஒரு வீட்டுக்குத் தாய்தானே. ஊசியைப் பிடுங்கு என்று சொல்ல முடியுமா?

“அக்கா, இன்னைக்கு எல்லா நாற்காலியும் நெறஞ்சிருச்சு. திங்கக்கெழம எப்படியாச்சும் ஒரு எடம் பண்றேன். ஆனா அது வரைக்கும் வச்சிருக்காதீங்க, இப்பவே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. புதன்கிழம கழுவினது, சும்மா இல்லக்கா.”

கார் வரைக்கும் வருவதற்குள் சீனிக்கு மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துக் கஸ்பாரின் அழைப்பு. நாளை குரல் பதிவு, திங்கள் காலையில் அனுப்பியாக வேண்டும்.

“ஆஸ்பத்திரின்னா படுக்க வச்சிருவாங்க துளசி. நாளைக்கு ஒரு நாளு. முடிச்சிட்டு நேரா போயிரலாம்.”

“உங்களுக்குப் பைத்தியமா? ரத்தம் கழுவலன்னா என்னாகும்னு தெரியும்ல? படமாம் படம்! அவன் எடுத்துக் கிழிச்சது போதும்.” நடுரோடு என்று பார்க்காமல் கத்தினாள்.

சீனி கத்தவில்லை. “முப்பது வருசமா நடிகன்னு சொல்லிட்டுத் திரியறேன். ஒரு சீன் கூட இல்ல துளசி. பல்ல மட்டும்தான் புடுங்கியிருக்கேன்.”

துளசி கஸ்பாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவனாவது வேண்டாம் என்று சொல்லுவான் என்று பார்த்தாள். “ஒரு நாள்தானே தங்கச்சி, நான் மாதாகிட்ட வேண்டிக்கிறேன்” என்றான்.

ஞாயிறு மத்தியானம், ஜெலாப்பாங்கில் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு மேலே இருந்த கஸ்பாரின் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. சீனி மைக் முன்னால் உட்கார்ந்தார். துளசி கதவுக்கு வெளியே படியில் இருந்தாள். திட்டிக்கொண்டேதான் இருந்தாள், அந்தக் குரல் வரும் வரைக்கும்.

“எனக்குத்தான் அழுவறீங்களா? அழுங்க. இந்த லயத்துல கடைசியா வெளக்க அணைச்சவன் நான்தான்...”

யார் குரல் இது? வீட்டில் தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிற குரல் இல்லை, எல்ஸியிடம் கதை அளக்கிற குரலும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தரையிலிருந்து எழுந்து வந்தது. இடையிடையே மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அடப்பாவி மனுஷா, இது உனக்குள்ளே இருந்ததா? இத்தனை வருஷமும் இருந்ததா? படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவர் பைத்தியக்காரர் இல்லை, நிஜமாகவே நடிகர் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அதே மூச்சு மச்சான்! அந்த இழுப்ப மட்டும் விட்றாத, அதான் உயிரு” என்று உள்ளே கஸ்பார் கொண்டாடிக்கொண்டிருந்தான். அந்த இழுப்பு நடிப்பில்லை. நுரையீரலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

முடித்து வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. உடனே ஆஸ்பத்திரி என்றாள் துளசி. காலையில் முதல் வேலையாகப் போவோம், இன்றைக்கு என் வீட்டில் என் கட்டிலில் படுக்கிறேன் என்றார். விடிந்தது. சட்டை போட்டு, தலை சீவி, வாசலில் குந்திச் செருப்பை மாட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

ஷாமினி மரண அறிவிப்பை எல்லாருக்கும் அனுப்பினாள். வந்த பதிலையெல்லாம் இன்றைக்கும் துளசி யாருக்கும் காட்டுவதில்லை. சிரிக்கிற முகங்கள். ‘இன்னும் ஷூட்டிங் முடியலையாலா?’ ‘அண்ணே, எத்தன தடவ சாவீங்க?’ கூப்பிட்டு அழுது சொன்னபோதும், “நல்லா நடிக்கிறீங்கக்கா” என்றார் ஒருத்தர். ஊர் நம்பி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. தூக்குவதற்கு ஆள் போதாமல் பக்கத்து வீட்டுச் சீனப் பையன்கள் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பொய்ச் சாவுக்கு அத்தனை பேர் அழுதார்கள், நிஜச் சாவுக்கு ஒரு வேன் கூட நிறையவில்லை. கஸ்பாரும் அந்த அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். தான் செய்ததுதான் இன்னும் சுற்றுகிறது என்று தள்ளிவிட்டிருக்கிறான். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு வந்து ரோட்டில் விழுந்து புரண்டான்.

கருமாதி அன்றைக்குத்தான் சனம் வந்தது. நம்பாமல் சிரித்த குற்றம் எல்லார் முகத்திலும் இருந்தது. பந்தலில் பாய் விரித்து இலை போடுகிற நேரம். கஸ்பார் எழுந்து நின்றான். கையில் போன்.

“எல்லாரும் ஒரு நிமிசம். நேத்து கோலாலம்பூர்லேருந்து சொல்லிட்டாங்க. ‘கடைசி லயம்’ தேர்வாயிருச்சு. முழுப் படமும் எடுக்கலாம். சீனி கொரலக் கேட்டுட்டு எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்.”

குழம்பு வாளியோடு வந்த துளசி நின்றுவிட்டாள். அந்தக் குரல் தியேட்டரில் கேட்கப் போகிறது. பல் போனது, வேலை போனது, உயிரே போனது, ஆனாலும் மனுஷன் ஜெயித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை நாளும் கஸ்பாருக்குக் கொடுத்த சாபத்தையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“ஆனா நான் எடுக்க மாட்டேன்” என்றான் கஸ்பார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. “என் சீனி இல்லாம எனக்கு எதுக்குப் படம்? அவனுக்காக இத விட்டுட்டேன். வேணாம்னு எழுதி அனுப்பிட்டேன்.”

பந்தல் முழுக்க ஒரு விசும்பல். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். “கூட்டாளின்னா இவன்லா கூட்டாளி” என்று யாரோ சொன்னார்கள்.

துளசி அவன் முகத்தைப் பார்த்தாள். அழுகை பொய்யில்லை. கண்ணீர் நிஜமாகத்தான் ஓடியது. ஆனால் தோள்! ரப்பர் பால் நிறைந்த வாளிகளை, தோளில் சுமக்கிற காண்டாக் கம்போடு இறக்கி வைத்தவன் தோள் எப்படித் தளர்ந்து லேசாகுமோ, அப்படி லேசாகி இருந்தது. தப்பித்தவனுடைய தோள். தௌக்கேயிடமிருந்து எழுந்து வந்த அன்றைக்கும், மழையில் மூட்டை கட்டிய அன்றைக்கும் இதே தோளோடுதான் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டான். அவள்தான் கவனிக்கவில்லை. இவனுக்குப் படம் எடுக்கத் தெரியாமல் இல்லை, எடுக்கப் பயம். எடுத்தால் நல்லா இல்லை என்று ஒருத்தன் சொல்லிவிடுவானே!

வாளியைத் தரையில் வைத்தாள். “எடுங்க” என்றாள்.

“தங்கச்சி?”

“படத்த எடுங்க. வேணாம்னு எழுதுனீங்கள்ல, வேணும்னு திருப்பி எழுதுங்க. அவரு மூஞ்சி இருக்கு, குரல் இருக்கு. செத்தவன்தானே கதை சொல்றான்? செத்துட்டாரு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“மனசு வரலம்மா. அவன் இல்லாத எடத்துல நான் எப்படி நின்னு...”

“எப்பதான் வந்துச்சு உனக்கு மனசு?” அண்ணே என்கிற சொல் அவள் வாயிலிருந்து விழுந்துபோய்விட்டது. “ஒரு தடவ தௌக்கே. ஒரு தடவ கதை. ஒரு தடவ மழை. ஒவ்வொரு தடவையும் ஊரு மெச்சற மாதிரி ஒரு காரணம் வேணும் உனக்கு. இந்தத் தடவ எம் புருசன் செத்தது வசதியாப் போச்சு, இல்ல?”

“துளசி, என்ன பேச்சு இது?” என்று ஒரு கிழவர் அதட்டினார். துக்கத்தில் பேசுகிறாள், விடுங்கள் என்று யாரோ அவளை உள்ளே இழுத்தார்கள். கஸ்பாருக்குத் தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, இலையில் உட்கார வைத்தார்கள். அவன் சாப்பிட்டான்.

இப்போது ஈப்போவில் டைரக்டர் கஸ்பார் என்றால் முன்னைவிட மரியாதை. கூட்டாளிக்காகக் கைக்கு வந்த படத்தையே விட்டவன் என்று தீபாவளி விழாவில் பொன்னாடை போட்டார்கள். துளசியையும் மேடைக்கு அழைத்தார்கள், அவள் போகவில்லை. கோபத்தை எத்தனை நாள்தான் வைத்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஜெலாப்பாங் படியேறிப் போனாள். படம் வேண்டாம், அந்தக் குரலையாவது என் போனில் போட்டுக் கொடு, படுக்கும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

“என்ன தங்கச்சி, இதப் போயி கேக்கணுமா? சும்மா அப்படியே கொடுக்கக் கூடாது. சத்தத்தக் கொஞ்சம் சுத்தம் பண்ணி, பின்னால லேசா புல்லாங்குழல் போட்டு, நல்லா செஞ்சு அனுப்புறேன்” என்றான் கஸ்பார்.

வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. இன்னும் அனுப்பவில்லை.